பதினேழாவது தோட்டா

‘ஒண்ணு சொல்லணும்’ என்று அந்த அக்கா ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்கு ஏதோ வேலை வைக்கப்போகிறார் என்று அர்த்தம். எனக்கு முதல் தடவை வைத்தது அல்சூர் ஏரிப் பக்கம் இருந்த ஒரு பல் கிளினிக்கில்.

கடைவாய்ப் பல்லின்மேல் கேப் என்ற உறை போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வலி இல்லை, கூச்சம் இல்லை, முறுக்கு கூடக் கடித்துப் பார்த்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாமென்று மல்லேஸ்வரத்திலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தேன். டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டு, ‘பிரமாதமா உக்காந்திருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தார். நாற்பதைத் தொடாத வயது. சுடிதார். முழங்கைவரை வெள்ளையாக பிளாஸ்டர் பொடி படிந்திருந்தது.

‘சார், உங்க கேப்ப நான்தான் வார்த்தேன். ஒண்ணு சொல்லணும். அதுல தப்பு இருக்குது. கழட்டிடணும்.’

வாயைத் திறந்தபடி நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் கூரையைப் பார்த்தார்.

‘ஏம்மா, பேஷன்ட்ட உக்கார வெச்சுக்கிட்டா இதெல்லாம் சொல்லுவ?’

‘அவரு பல்லு தான டாக்டர். அவருகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது?’

என் பல்லின் பிளாஸ்டர் மாதிரியைத் தூக்கிப் போடுவதற்கு முன் இன்னொரு தரம் பார்த்தாராம். ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்ததாம். மெழுகு வைக்கும்போது அதைக் கவனிக்கவில்லை. இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து உள்ளே எச்சில் இறங்கி மிச்சப் பல்லும் சொத்தையாகும். ‘அப்போ நீங்க மிட்டாய் சாப்ட்டுட்டேன்னு நெனைப்பீங்க. டாக்டரோ, நீங்க சரியா தேய்க்கலன்னு நெனைப்பாரு. தப்பு என்னுது’ என்றார். குரலில் வருத்தமோ கெஞ்சலோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். மூன்று நாளில் வேறு தருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் என் கேப்பைக் கழற்ற அரை மணி நேரம் போராடினார். வீங்கிய கன்னத்தோடு பஸ்ஸில் போகும்போது அந்த அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

மர்பி டவுனில் அவர் வீட்டின் முன்னறைதான் லேப். ஒரு சின்ன உலை, பிளாஸ்டர் கலக்கும் மேஜை, ஜன்னலோரம் ஒரு பூதக்கண்ணாடி. சுவரில் மாதா படம். அவர் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டினார். சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனிதர். ‘எங்க வூட்ல காலைல ஆறு மணிக்கே பாவசங்கீர்த்தனம் ஸ்டார்ட் ஆயிடும் சார். பால் பொங்க விட்டது, சட்டைல பட்டன் தெச்சது கோணலானது, எல்லாம் வரிசையா சொல்லிடுவா. கோயிலுக்குப் போனா ஃபாதர்கிட்ட சொல்றதுக்கு மிச்சமே இருக்காது’ என்பார்.

எல்லோராலும் அப்படிச் சிரிக்க முடியவில்லை. மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டில் ஒரு வருஷம் குஸ்கா அண்டாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருக்கும் இன்னும் மூன்று பெண்களுக்கும் வந்தது. அடி பிடித்துவிட்டது. மேலாக எடுத்துப் பரிமாறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மற்ற மூவரும் முடிவு செய்துவிட்டார்கள். இவர் நேராகப் போய் மைக்கைப் பிடித்துவிட்டார். ‘ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது அண்டா அடிபிடிச்சுடுச்சு. தணல் எடுக்காம விட்டது நான். அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க ஸ்வல்ப தயிர் பச்சடி ஜாஸ்தி போட்டுக்குங்க.’ பந்தி முழுக்கச் சிரித்தது. கூடச் சமைத்த மூன்று பேரும் கிறிஸ்துமஸ்வரை அவரோடு பேசவில்லை.

அதற்கும் முன்னால் ஒரு பெரிய டென்டல் லேபில் பதினொரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். உலோகக் கலவையில் ஒரு நாள் தவறு செய்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று இழுத்ததும், தானே நான்கு டாக்டர்களுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். ‘மறுநா காலைல என் டப்பாவும் செருப்பும் வாசல்ல இருந்துது’ என்று சொல்வார். அந்த நான்கு பேரில் ஒருவர்தான் நம் டாக்டர். ‘தப்ப இவ்ளோ தெளிவா சொல்ற லேப்ப நான் அதுவரைக்கும் பாத்ததில்ல’ என்று தன் வேலை முழுவதையும் அவரிடம் திருப்பிவிட்டார். இப்போது அந்த அக்கா ஓசூரில் ஆறு பேரை வேலைக்கு வைத்துப் பெரிதாக நடத்துவதாகக் கேள்வி. அந்த ஆறு பேரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

பல்லும் மெழுகுமாக இருந்தவர் துப்பாக்கிக் குண்டு வார்க்க வந்தது டாக்டரால்தான்.

டாக்டருக்குத் துப்பாக்கி சுடுவதில் பைத்தியம். அறுபது வயதுக்கு மேல் ஒரு ஒற்றைத் தோட்டா ரைஃபிள் வாங்கினார். பழைய காலத்து மாதிரி. கீழே இருக்கும் இரும்புக் கைப்பிடியை இறக்கினால் பின்புறம் திறக்கும். ஒரே ஒரு தோட்டாவைக் கையால் தள்ளி மூட வேண்டும். சுட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. அதற்கான தோட்டா கடையில் கிடைக்காது. அனுமதி வாங்கி, கிளினிக்குக்குப் பின்னால் இருந்த அறையில் தானே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு, கையில் வைத்தால் கனக்கும். எல்லாம் உலர்ந்த திராட்சைபோலச் சுருக்கம் விழுந்து வந்தன. ஒரு நாள் விளையாட்டாக ஒன்றை அக்காவிடம் காட்டினார்.

அக்கா திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அச்சு சூடாகல டாக்டர். ஈயம் உள்ள போனதும் பாதியில உறஞ்சுடுது’ என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. சனிக்கிழமை மதியங்களில் அக்கா அந்தப் பின்னறைக்கு வருவார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு, ஈயத்தோடு வெள்ளீயம் சேர்த்து உருக்குவார். மேலே மிதக்கும் கசடை வழித்தெடுத்துவிட்டுக் கரண்டியால் அச்சில் ஊற்றுவார். மினுமினுப்பு மங்கும்வரை காத்திருந்து, ஒரு மரக்கட்டையால் தட்டினால் மடித்துப் போட்ட துண்டின்மேல் குண்டு தொப்பென்று விழும். ஆறியதும் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்ப்பார். பிறகு தராசு. முப்பது வார்த்தால் குறைந்தது பத்து திரும்ப உலைக்குப் போகும்.

டாக்டருக்குப் பொறுக்காது. ‘அதையெல்லாம் பிராக்டீஸுக்காவது வெச்சுக்கறேன், குடும்மா.’

‘பிராக்டீஸுக்குத்தான் டாக்டர் நல்லது வேணும். இல்லன்னா குறி தப்புச்சுன்னா உங்க தப்பா என் தப்பான்னு தெரியாது.’

அவர் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சுடச் சொன்னால், ‘வேணாம் டாக்டர், எனக்கு சத்தம் ஆகாது’ என்பார்.

இந்தக் கூட்டத்தில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்றால், இரண்டாவது கேப் போட வந்த அன்று சுவரில் மாட்டியிருந்த, ஓட்டை விழுந்த குறி அட்டையைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் டாக்டரின் ரைஃபிள் கிளப்பில் உறுப்பினர் ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் குறி அட்டையைப் பார்த்துச் சொல்வதும், ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. வாரத்தில் ஐந்து நாள் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

தோட்டா செய்வதில் ஆபத்தான கட்டம் குண்டு இல்லை, வெடிமருந்து. இதை எனக்கு விளக்கியது டாக்டர். குண்டு உட்காரும் அந்தக் காலத்துப் பித்தளைக் கூடு விரல் நீளம் இருக்கும். அப்போதைய கரிமருந்து வாய்வரை நிரம்பும். இப்போதைய மருந்துக்கு வீரியம் அதிகம். அடியில் கொஞ்சம் போட்டால் போதும். மீதி இடம் காலி. அதனால் கைதவறி இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது. குண்டை மேலே அழுத்திவிட்டால் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. எடை போட்டாலும் பிடிபடாது. அத்தனை கனமான குண்டிலும் பித்தளையிலும் அந்தச் சிறு வித்தியாசம் மறைந்துவிடும். சுடும்போது துப்பாக்கியே வெடிக்கும், அப்போதுதான் தெரியும். சுடுகிறவனின் கன்னம் அதன்மேல் சாய்ந்திருக்கும்.

அதனால் மருந்து போடும் கருவியை அக்கா தவிர வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு கைப்பிடியை ஏற்றி இறக்கினால் ஒரு பங்கு மருந்து விழும் எளிய கருவி அது. மரப்பலகையில் நாற்பது குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூடு. எந்தக் கூடுவரை போட்டாயிற்று என்பதற்கு, பல் வேலைக்கு வைத்திருக்கும் இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு துண்டை அந்தக் குழியருகே ஒட்டுவார். முடிந்ததும் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பார். கடைசியில் மருந்து பாட்டிலை எடை போட்டு, சரியாக நாற்பது பங்குதான் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். நிரப்பிய வரிசையிலேயே பெட்டியில் அடுக்குவார், அதே வரிசையில்தான் சுட வேண்டும். ‘எங்கனா தப்பு நடந்தா எங்கன்னு தேடணும்ல.’

பழைய மாதிரி ரைஃபிள்களுக்கென்று கிளப்பில் வருஷத்துக்கு ஒரு போட்டி. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், டாக்டர் முன்னறையில் ஒரு பேஷன்ட்டுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். நான் பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா மருந்து போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. அக்காவின் லேபுக்கு வரவேண்டிய பிளாஸ்டர் மூட்டையைக் கூரியர்காரர் கிளினிக்குக்குக் கொண்டுவந்திருந்தார்.

அக்கா மெழுகை ஒட்டிவிட்டு எழுந்தார். ‘பதினாறு ஆச்சு. எதையும் தொடாதீங்க சார், வந்துடறேன்.’

தொட்டேன்.

ஏன் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், அந்தக் கைப்பிடி எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. ஏற்றி இறக்கினேன். அடியில் கூடு வைக்கவில்லை என்பது மேஜைமேல் மருந்து கொட்டிய பிறகுதான் உறைத்தது. அவசரமாகக் கைக்குட்டையில் வழித்து, ஜன்னலோரம் இருந்த மணி பிளான்ட் தொட்டியில் கொட்டினேன். வெளியே அக்கா கூரியர்காரரோடு உரத்துப் பேசிக்கொண்டிருந்தார், மூட்டை கிழிந்திருந்ததாம். நேரம் இருந்தது. சரியாக ஒரு தடவை செய்து பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அடுத்து காலியாக இருந்த கூட்டை எடுத்து, கருவியின் அடியில் பிடித்து, கைப்பிடியை இறக்கினேன். மருந்து அழகாக உள்ளே விழுந்தது. கூட்டைத் திரும்பக் குழியில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா முகம் சிவந்து வந்தார். பாதி பிளாஸ்டர் வழியிலேயே கொட்டிப்போய்விட்டது. அந்தக் கோபத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லிக் கூடுதலாக வாங்கிக்கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. நிரம்பிய கூட்டைப் பார்த்ததும் அவரே விட்டுவிடுவார், இல்லாவிட்டால் டார்ச் அடிக்கும்போது தெரிந்துவிடும், அவர் கண்ணுக்குத் தப்புமா என்று நினைத்தேன். அவர் மீதியைப் போட்டு முடித்தார். டார்ச் அடித்து வரிசையாகப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். சரி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். பாட்டிலை எடை போடப் போனபோது தராசில் பேட்டரி தீர்ந்திருந்தது.

‘நாளைக்கு பாத்துக்கலாம்மா, எனக்குக் கண்ணு சொருகுது’ என்றார் டாக்டர். தோட்டாப் பெட்டி அவர் பைக்குள் போனது.

போட்டி நடந்த இடம் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி ஆனேக்கல் பக்கம். மொபைல்களை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். டாக்டருக்கு அன்று எல்லாம் கூடி வந்தது. முதல் பத்து முடிந்தபோது இரண்டாம் இடத்தில் இருந்தார். இத்தனை வருஷத்தில் முதல் ஏழுக்குள்கூட வராதவர். இடைவேளையில் பேசவே மாட்டேன் என்றார், பேசினால் கலைந்துவிடுமாம். மறுபடி ஆரம்பித்து நான்கு சுட்டார். நான்கும் நடுவில். பதினைந்தாவதை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

விசில் ஊதியது.

சுடும் இடமான ரேஞ்சில் விசில் ஊதினால் எல்லோரும் அப்படியே துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தேன். ரேஞ்ச் அதிகாரி விசிலைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். கோயிலுக்குக் கட்டிய பட்டுப் புடவை. தலைமுடி காற்றில் பறந்து கலைந்திருந்தது. பின்னால் அவர் கணவர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

‘டாக்டர், சுடாதீங்க! இன்னொண்ணு சுடாதீங்க!’

‘ஏனாய்த்து மேடம், என்ன ஆச்சு?’ என்று அதிகாரி அருகே போனார். ஓய்வுபெற்ற ராணுவக்காரர், கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

‘ஒண்ணு சொல்லணும் சார்’ என்றார் அக்கா. முதல் பூசை முடிந்ததும் கடையில் பேட்டரி வாங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். சாவி அவரிடம் இருந்தது. பாட்டிலை எடை போட்டார். மூன்று தடவை போட்டார். ‘நாப்பது பங்கு குறையணும். நாப்பத்திரெண்டு குறையுது. எங்கயோ ரெண்டு தடவ போட்டுட்டேன் டாக்டர். ரெண்டு தோட்டாவுல இருக்குது. எதுன்னு தெரியல. போன் போட்டேன், யாரும் எடுக்கல.’

‘டார்ச் அடிச்சுப் பாத்தியேம்மா?’ என்றார் டாக்டர்.

‘பாத்தேன். எல்லாத்துலயும் மருந்து இருக்குதான்னு பாத்தேன் டாக்டர். எவ்ளோ இருக்குதுன்னு பாக்கல. மனசு பிளாஸ்டர் மூட்டைமேல இருந்துது. என் தப்பு.’

நாற்பத்திரண்டு என்று அவர் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. தொட்டியில் கொட்டிய ஒன்று கணக்கில் வந்துவிட்டது. இன்னொன்று எங்கே என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் மருந்து போட்டு வைத்த கூட்டுக்கு மேலேயே அவரும் போட்டிருக்கிறார். மெழுகுக்கு அடுத்தது. பதினேழு. என் கையில் பதினைந்து இருந்தது.

அதைச் சொல்ல என் வாய் திறக்கவில்லை. பத்திருபது பேர் சுற்றி நின்றார்கள். போட்டி நின்றுபோன எரிச்சல் எல்லோர் முகத்திலும் இருந்தது. ஒருவர், ‘சுடவே தெரியாதவங்கள வெச்சு தோட்டா ரெடி பண்ணா இப்டித்தான்’ என்றார். எப்படியும் மிச்சத்தையெல்லாம் பிரித்துத்தான் பார்க்கப் போகிறார்கள், ஆபத்து நீங்கிவிட்டது, இனி நான் சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது என்று ஒரு எண்ணம் ஓடியது. அந்த எண்ணத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதிகாரி அக்காவிடம் சொன்னார்: ‘பாருங்கம்மா, நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். ஆனா இனிமே நீங்க லோட் பண்ற தோட்டாவ நான் இங்க அலவ் பண்ண முடியாது.’

‘நியாயம்தான் சார்’ என்றார் அக்கா.

வாதாடவே இல்லை. தலையை ஆட்டிவிட்டு, தோட்டாக்களைப் பிரிக்கும் சுத்தியல் எங்கே என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கண் சிவந்திருந்தது. அழுததாலா, ஸ்கூட்டர் காற்றாலா என்று தெரியவில்லை.

‘அக்கா’ என்றேன். ‘நான்தான் பண்ணேன்.’

யாருக்கும் புரியவில்லை.

‘நீங்க கூரியருக்குப் போனப்போ கருவியத் தொட்டேன். ரெண்டு தடவ. மொத தடவ மேஜைல கொட்டிடுச்சு, அதத் தொட்டியில போட்டுட்டேன். ரெண்டாவது கூட்டுல போட்டேன். உங்ககிட்ட சொல்லல.’

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அக்காவின் கணவர், ‘அடப்பாவி’ என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அக்கா மட்டும் கோபப்படவில்லை. ஒரே எட்டில் என் அருகே வந்தார்.

‘எந்தக் கூடு?’

‘மெழுகுக்கு அடுத்தது.’

‘பதினேழு. ஒண்ணுதான? வேற எதுலயும் போடல? நல்லா யோசிச்சு சொல்லுங்க, அவசரமில்ல.’

‘ஒண்ணுதான்க்கா.’

‘எத்தன சுட்டாச்சு?’

‘பதினாலு.’

அக்கா பெட்டியை வாங்கி, வரிசையில் பதினேழாவதை எடுத்தார். பிரிக்கும் கருவி பிளாஸ்டிக் சுத்தியல்போல இருக்கும். தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்தி மேஜையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று வரும். நாலு அடி அடித்தார். குண்டு விழுந்தது. மருந்தை ஒரு தட்டில் கொட்டினார். பக்கத்தில் பதினெட்டையும் பிரித்துக் கொட்டினார். தராசே வேண்டியிருக்கவில்லை. ஒரு குவியல் இன்னொன்றுக்கு இரண்டு மடங்கு இருப்பதை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சற்று முன் எரிந்து விழுந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். பாட்டிலை வாயில் வைத்தவர் பாதியில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. ‘ரெண்டாவது இடத்துல இருந்தேன்டா’ என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ‘மூஞ்சி இருக்கு. அது போதும்.’ கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மறுபடி சிரித்தார்.

டாக்டர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அக்கா மிச்சமிருந்த தோட்டாக்கள் அத்தனையையும் விடாமல் பிரித்துப் பார்த்தார். ‘இவரு சொன்னத நம்பறேன். நான் பாத்ததத்தான் நம்பல’ என்றார். வேறெதிலும் தவறில்லை. அதிகாரி தான் சொன்னதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அதற்கும் அக்கா, ‘டார்ச் அடிச்சது நான்தான சார், ஒழுங்கா பாத்திருந்தா அங்கியே தெரிஞ்சிருக்கும். பாதி என்னுதும் இருக்குது’ என்றார்.

எனக்கு ஒரு வருஷம் தடை. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எங்கள் ஆபீஸில் ஏதாவது கெட்டுப்போனால் ‘தவறு நேர்ந்தது’ என்று எழுதித்தான் பழக்கம். யாரால் நேர்ந்தது என்று அந்த வாக்கியத்தில் இருக்காது. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வேறு. அன்று அந்தத் தாளில் ‘நான் தொட்டேன், நான் சொல்லவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பசிக்கத்தான் செய்தது.

வெளியே வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘நீங்க சொன்னதும்தான் சார் எனக்கு உசுரே வந்துது’ என்றார். ‘ரெண்டு தோட்டான்னு நெனச்சுட்டு வந்தேன். ஒண்ணு ஏற்கனவே சுட்டிருப்பாரோ, அதுல துப்பாக்கி வெடிக்காம தப்பிச்சு அடுத்ததுல வெடிக்குமோன்னு வழியெல்லாம் செத்துட்டேன்.’ கொஞ்சம் பொறுத்து, ‘ஆனா நேத்தே சொல்லியிருக்கணும். ரொம்பத் தப்பு பண்ணிட்டீங்க’ என்றார்.

‘ஆமாக்கா.’

‘சாப்ட்டீங்களா?’

சாப்பிடவில்லை. யாருமே சாப்பிட்டிருக்கவில்லை. சாலையோரக் கடையில் ஆளுக்கு இரண்டு தட்டு இட்லி சாப்பிட்டோம். அக்கா மூன்று.

திரும்பும்போது அவர் கணவர், ‘இவ பின்னாடி ஒக்காந்து வந்த வேகத்துக்கு என் தோள்ல நகமெல்லாம் பதிஞ்சுடுச்சு டாக்டர், நீங்களே கூட்டிட்டு வாங்க’ என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் தனியாகக் கிளம்பினார். டாக்டர் கார் ஓட்டினார், நான் பக்கத்தில். அக்கா பின்னிருக்கையில். அத்திப்பள்ளிச் சாலையைத் தொடும் முன்பே பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பட்டுப் புடவை மடியில் ஈயத்தூள் கறுப்பாகப் பதிந்திருந்தது.

டாக்டர் வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் வேகத்தைக் குறைத்தார். லாரிகளும் கம்பெனி கார்களும் எங்களைத் தாண்டிப் போயின. எலெக்ட்ரானிக் சிட்டி வந்தபோது, ‘பாலத்துமேல போயிடலாமே டாக்டர், சீக்கிரம் போயிடலாம்’ என்றேன் தணிந்த குரலில்.

‘எதுக்கு சீக்கிரம்?’ என்றார் அவர். பாலத்துக்கடியில், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று, மெதுவாகப் போனோம்.

மடிவாளாவில் பச்சை விழுந்தும் அவர் உடனே எடுக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தோம். அக்கா புரண்டு, துப்பட்டாவைத் தேடுபவர்போல முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி தூங்கிப்போனார்.